ஓடை யாருக்கு உரியது?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மலைகளில் சில ஓடைகளை அரசின் மீன்வளத் துறையினரே நஞ்சிட்டு வெறுமையாக்குகிறார்கள். அங்கே வாழும் டிரவுட் மீன்கள் முழுவதும் மடிந்தபின், அதே ஓடையில் வேறொரு டிரவுட் மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கொல்லப்படுவது பெரிய மீன். கொண்டுவரப்படுவது பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத சிறிய மீன். முன்னது வெளியிலிருந்து வந்தது என்பதும், பின்னது அந்த ஓடைக்கே உரியது என்பதும் அவர்கள் கூறும் காரணம்.

இச்செய்தியைக் கேட்கும் நம்மவர் இருவகையாகப் பேசுகிறார்கள். மீன் என்றால் மீன்தானே, இறைவன் படைத்த உயிர்களுக்குள் உள்ளூர், வெளியூர் என்று வேற்றுமை பாராட்டிக் கொல்வது கொடுமை அன்றோ என்பது ஒரு சாரார் கேள்வி. "பார்த்தீர்களா, வந்தேறிகளை விரட்டுவதுதான் இயற்கையின் நீதி, அமெரிக்கனே அதைச் செய்கிறான்" என்று மகிழ்வது மற்றொரு சாராரின் போக்கு. இந்த இரண்டாவது குரல், இந்நாட்டில் நம் நம்பிக்கையையே அந்நியச் சரக்கு என்று இகழும் குரலோடு ஒத்து ஒலிப்பதால், நம்மில் பலர் அஞ்சி முதல் சாராருடன் சேர்ந்துகொள்கிறார்கள். "நாட்டு மீன்" என்று யாராவது சொன்னாலே, அடுத்து "நாட்டு மதம்" என்று சொல்வார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு.

அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. எனினும் அதற்காக உண்மையை விட்டுக்கொடுக்க இயலாது. ஓடை அந்தச் சிறிய மீனுக்கு உரியது; அதைத் திருப்பிக் கொடுப்பது நீதி. அந்த நீதியை எடுத்து மனிதர்மேல் வீசுவதோ பெரும் அநீதி. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

சிறிய மீனின் வாழ்வு

டிரவுட் குளிர்நீர் மீன். தெளிந்து, விரைந்து, உயிர்வளி நிறைந்து ஓடும் நீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. பெண்மீன் தன் வாலால் பரற்கற்களைக் கிளறிப் பள்ளம் செய்து, அதில் முட்டையிட்டு மூடுகிறது. கற்களினூடே நீர் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே முட்டை பொரிக்கும். மேலே காடு வெட்டப்பட்டு மண் சரிந்து அப்பரல்கள் அடைபட்டால், ஒரு தலைமுறையே மூச்சடைத்து மடியும்.

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சிய மலைகளில் வாழும் புரூக் டிரவுட் இவ்வகையில் மிக அழகியது. பசுமை கலந்த முதுகில் புழு நெளிந்தாற்போன்ற வெளிர்க்கோடுகள். விலாவில் நீல வளையமிட்ட செம்புள்ளிகள். துடுப்புகளின் முன்விளிம்பில் வெண்மை. மேற்கே ராக்கி மலைகளில் வாழும் கட்துரோட் டிரவுட்டுக்குத் தாடையின் கீழ் வெட்டுப்பட்டாற்போல ஒரு செங்கீற்று உண்டு. அதுவே அதன் பெயருக்குக் காரணம். மலையோடையில் இரை குறைவு. நீரில் விழும் பூச்சி எதுவாயினும் பாய்ந்து பற்றாவிட்டால் பட்டினிதான். அதனால் அங்கே மீன் பெரிதாக வளர்வதில்லை.

இந்த மீனைத் தேடிப் போகும் தூண்டிலாளர், இறகையும் நூலையும் கொக்கியில் கட்டிச் செய்த போலி ஈயை வீசுகிறார். நிழல் நீரில் விழாதபடி குனிந்தும், பாறைக்குப் பின்னே மண்டியிட்டும் ஓடையை எதிர்த்து மேலேறுகிறார். ஒரு நாள் முழுதும் உழைத்தாலும் கிடைப்பது உள்ளங்கையில் அடங்கும் சில மீன்கள். பலர் முள்ளில்லாத கொக்கியைப் பயன்படுத்தி, பிடித்ததை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

முத்துக்குளித்துறையிலும் குமரிக் கடற்கரையிலும் வயிற்றுப்பாட்டுக்காக வலை வீசும் மக்களின் திருச்சபை நம்முடையது. ஆண்டவர் அழைத்த முதற்சீடர்களும் வலையால் பிழைத்தவர்களே. ஆகவே பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் கொக்கியை மாட்டுவதை நாம் எளிதில் புகழ்ந்துவிட மாட்டோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடை தருவது எவ்வளவோ அவ்வளவு போதும் என்று சிறிய மீனோடு நிறைவடையும் அந்த மனிதர், பெரிய மீன் வேண்டும் என்று ஓடையையே மாற்றியமைத்தவரைக் காட்டிலும் படைத்தவரின் கருத்துக்கு நெருங்கியவர்.

பெரிய மீன் வந்த வழி

ஓடையை மாற்றியமைத்த வரலாறு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பழைமையானது. 1871இல் அமெரிக்க அரசு மீன்வள ஆணையம் ஒன்றை நிறுவியது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் மீன்முட்டைகளைச் சேகரிக்கும் நிலையம் எழுந்தது. பசிபிக் பெருங்கடற்கரைக்கு உரிய ரெயின்போ டிரவுட் அங்கிருந்து நாடெங்கும் சென்றது. குஞ்சுகளைப் பால் கேன்களில் நிரப்பி, இரயில் பெட்டிகளில் ஏற்றி, எந்த ஊர் கேட்டதோ அந்த ஊர் ஓடையில் கொட்டினார்கள். ஐரோப்பாவின் பிரவுன் டிரவுட்டும் வந்தது. கிழக்கின் புரூக் டிரவுட் மேற்கு மலைகளுக்கு ஏற்றப்பட்டது. பின்னாளில் விமானங்களிலிருந்தே மலையேரிகளில் குஞ்சுகளைத் தூவினார்கள். ஓர் ஓடையில் ஏற்கெனவே யார் வாழ்கிறார் என்ற கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. எவ்வளவு பெரிய மீன், எவ்வளவு விரைவில், எத்தனை தூண்டிலுக்கு என்பதே கணக்கு.

விளைவு என்ன? புரூக் டிரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். கட்துரோட் இளவேனிலில் முட்டையிடும். ஆகவே ஓர் ஓடையில் இரண்டும் சேர்ந்தபோது, வந்த மீனின் குஞ்சுகள் முந்திப் பிறந்து, முந்தி வளர்ந்து, இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டன. ரெயின்போ வேறு வழியில் அழித்தது. அது கட்துரோட்டுடன் கலந்து இனப்பெருக்கம் செய்யும். சில தலைமுறைகளில் ஓடை நிறைய மீன் இருக்கும். பழைய மீன் மட்டும் இராது. கிழக்கே கிரேட் ஸ்மோக்கி மலைகளில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரவெட்டு நிறுவனங்கள் காட்டை மொட்டையடித்தன. அதன்மேல் ரெயின்போவும் விடப்பட்டது. தேசியப் பூங்காவாகிய பின்னரும் அங்கே புரூக் டிரவுட் மீளவில்லை. அது வாழ்ந்த ஓடைப்பரப்பில் முக்கால் பங்கை இழந்துவிட்டது என்று பூங்கா நிருவாகமே கூறுகிறது.

கொலராடோ மாநிலத்தின் கிரீன்பேக் கட்துரோட் கதை இன்னும் துயரமானது. 1859இல் பொன்வேட்டைக்காரர்கள் அம்மலைகளில் குவிந்தனர். சுரங்கக் கழிவு, மரவெட்டு, வயலுக்குத் திருப்பிய நீர், சுரங்கத் தொழிலாளரின் உணவுக்காக அள்ளிய மீன், இவற்றோடு வந்த மீன்களும் சேர்ந்தன. 1937இல் கிரீன்பேக் அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. பின்னர் சில ஓடைகளில் அதைக் கண்டதாக நம்பிப் பல்லாண்டுகள் வளர்த்தனர். 1994இல் அது மாநில மீனாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2007இல் மரபணுச் சோதனைகள் செய்தபோது, வளர்த்தவற்றில் பெரும்பகுதி வேறு கிளையைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகங்களில் சாராயத்தில் இட்டுவைத்த மீன்களோடு ஒப்பிட்டு, 2012இல் ஆய்வாளர்கள் முடிவு கூறினர்: உண்மையான கிரீன்பேக் பைக்ஸ் பீக் மலைச்சரிவில் உள்ள பேர் கிரீக் என்னும் ஒரே சிற்றோடையில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஒரு மீன் போனால் என்ன என்று கேட்பவருக்கு எல்லோஸ்டோன் ஏரியே விடை. அங்கே வெளியிலிருந்து வந்த லேக் டிரவுட் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏரியின் கட்துரோட்டைத் தின்று பெருகியது. கட்துரோட் முட்டையிட ஓடைகளில் ஏறிவரும். அப்போது கரடியும் விரால் அடிப்பான் பருந்தும் அதைப் பிடித்து வாழும். லேக் டிரவுட்டோ ஏரியின் ஆழத்தை விட்டு வருவதில்லை. எனவே ஏரியில் மீன் இருந்தும் கரடிக்கும் பருந்துக்கும் உணவில்லாமல் போயிற்று. அதன்பின் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட லேக் டிரவுட்டுகளை வலையிட்டு அகற்றியிருக்கிறார்கள். பணி இன்னும் முடிந்தபாடில்லை. ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து அகற்றும்போது நாம் ஓர் உயிரை மட்டும் அகற்றுவதில்லை.

முதல் ஆசி மீனுக்கே

இத்தனைக்கும் பின்னால் ஒரு விவிலியச் சொல்லும் தவறாகத் துணை நின்றது. கடல் மீன்களின்மேல் ஆட்சி கொள்ளுமாறு இறைவன் மனிதரிடம் கூறினார் என்ற தொடக்கநூலின் வாக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த மீனையும் எங்கும் வைக்கலாம், எதையும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்று கருதினார்கள். நாமும் அவ்வாறே கருதி வந்திருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தைச் சற்று முன்னிருந்து படிப்போம். ஐந்தாம் நாளில் நீர்வாழ் உயிர்கள் அதனதன் இனத்தின்படி படைக்கப்படுகின்றன. பலுகிப் பெருகி நீரை நிரப்புமாறு அவை ஆசி பெறுகின்றன. மனிதன் அப்போது பிறக்கவே இல்லை. திருநூலில் உயிர்களுக்கு அளிக்கப்படும் முதல் ஆசி மீனுக்கும் பறவைக்குமே கிடைத்தது. பின்னால் வந்த மனிதருக்குக் கொடுக்கப்பட்ட ஆட்சி, முன்னே அளிக்கப்பட்ட ஆசியை அழிக்கும் உரிமையாக எப்படி இருக்க முடியும்? அடுத்த அதிகாரம் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே மனிதன் அதில் வைக்கப்பட்டான் என்று தெளிவாகக் கூறுகிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியைப் படைப்பனைத்தோடும் அமைதி என்னும் பொருளிலேயே வழங்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலில், ஆட்சி என்பதை அடக்கியாளும் உரிமையாகப் பொருள்கொள்வது பிழை என்றும், மனிதர் செயலால் அழியும் ஒவ்வோர் இனமும் இறைவனுக்குத் தன் இருப்பால் மகிமை செலுத்த இனி இயலாமல் போகிறது என்றும் விளக்கினார். அப்படியானால் உள்ளங்கை அளவு மீனின் பக்கம் நிற்பது பொழுதுபோக்காளரின் விருப்பமாக நின்றுவிடாமல் நம் விசுவாசத்தின் கடமையும் ஆகிறது.

நஞ்சும் இரக்கமும்

இனி முதல் சாராரின் கேள்விக்கு வருவோம். வந்த மீனும் இறைவனின் படைப்பே, அதைக் கொல்லலாமா?

அது குற்றமற்ற உயிர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைக் கொல்வதில் யாரும் மகிழவும் கூடாது. அப்பணியில் பயன்படும் ரோட்டினோன் என்னும் நஞ்சு சில செடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படுவது. தென்னமெரிக்கப் பழங்குடிகள் மீன் பிடிக்க இத்தகைய வேர்களை நெடுங்காலம் பயன்படுத்தினர். நம் நாட்டிலும் காக்கைக்கொல்லி விதையைக் குட்டையில் கலந்து மீனை மயக்கும் வழக்கம் இருந்தது. அந்நஞ்சு மீனோடு நீர்ப்பூச்சிகளையும் கொல்லும். வேலை முடியும் எல்லையில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கலந்து அதை முறிக்கிறார்கள். இயன்ற இடங்களில் மீன்களை மின்னதிர்ச்சியால் மயக்கிப் பிடித்து, உயிரோடு கீழோடைக்கு மாற்றுகிறார்கள். இயலாத இடத்தில்தான் நஞ்சு. கலிபோர்னியாவின் சில்வர் கிங் கிரீக்கில், பைய்யூட் கட்துரோட் என்னும் மிக அரிய மீனுக்காக இவ்வாறு செய்ய முனைந்தபோது, எதிர்ப்பாளர் தொடுத்த வழக்குகளால் பணி பல ஆண்டுகள் தடைபட்டது. 2013இல் தொடங்கிய பணிக்குப் பின், 2019இல் அம்மீன் தன் பழைய ஓடைக்குத் திரும்பியது.

எதிர்ப்பாளரின் மனத்துயரை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் ஒரே ஒரு சாவைத்தான் காண்கிறார்கள். நஞ்சால் மிதக்கும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. நூறாண்டுகளாகக் குஞ்சு குஞ்சாகப் பட்டினியால் மறைந்த மீன் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சத்தமின்றிச் செய்த அநீதியை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சரிசெய்யும்போது எழும் சத்தத்தை மட்டும் கொடுமை என்பது நேர்மையன்று. ரெயின்போவுக்கு உலகில் வேறு ஆயிரம் நீர்நிலைகள் உண்டு. பைய்யூட் கட்துரோட்டுக்கு அந்த ஓடையைத் தவிர இயற்கை அளித்த வீடு வேறில்லை. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காத மனமாற்றம் எப்படி மனமாற்றம் ஆகாதோ, அப்படியே கெடுத்த ஓடையைக் கெட்டபடியே விட்டுவிட்டுப் படைப்பின்மீது இரக்கம் பேசுவதும் இரக்கம் ஆகாது. திருப்பிக் கொடுப்பதில் வலி இருக்கும். அந்த வலிக்குப் பொறுப்பு, முதலில் எடுத்தவருடையது.

இங்கே மற்றொரு வாதமும் வரும். பேர் கிரீக் ஓடை கிரீன்பேக்குக்கு இயல்பாக உரிய ஓடையே இல்லை. அம்மீன் பிளாட் ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலையேறும் பயணிகளை ஈர்க்க விரும்பிய ஒரு விடுதிக்காரர் அதைக் கொண்டுவந்து அங்கே விட்டார். அதனால்தான் அது தப்பியது. மீனை இடம் மாற்றியவரே மீனைக் காத்தார் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். யோசேப்பை அவருடைய சகோதரர் விற்றதால்தான் எகிப்து பஞ்சத்திலிருந்து பிழைத்தது. அதனால் சகோதரரை விற்பது அறமாகிவிடுமா? மனிதரின் தவற்றிலிருந்தும் நன்மையை விளைவிப்பது இறைவனின் கருணை. அதை நம் தவற்றுக்குச் சான்றிதழாக்கக் கூடாது. கொலராடோ மக்கள் அதைச் சான்றிதழாக்கவில்லை. பேர் கிரீக்கில் தூண்டில் போடுவதைத் தடைசெய்து, அம்மீனின் வழித்தோன்றல்களை அதன் பழைய ஆற்றுப்படுகையிலுள்ள ஹெர்மன் கல்ச் ஓடையில் விட்டனர். அங்கே அவை தாமாகவே இனம் பெருக்கத் தொடங்கிவிட்டன என்று 2022இல் அறிவித்தனர்.

வந்தேறி என்னும் சொல்

இப்போது இரண்டாம் சாராருக்கு நம் மறுமொழி. "மண்ணுக்கு உரியதே வாழட்டும், வந்தது ஒழியட்டும்" என்று மனிதரைச் சுட்டிக் கூறுவோர் ஓடையிலிருந்து சான்று தேட வேண்டாம். ஓடை அவர்களுக்குச் சாட்சி சொல்லாது.

முதலாவதாக, கிழக்கு மலையில் காக்கப்பட வேண்டிய அதே புரூக் டிரவுட், மேற்கு மலையில் அகற்றப்பட வேண்டியதாகிறது. மீன் ஒன்றே. தீமை அதன் பிறவியில் இல்லை. அதைக் கேனில் அடைத்துக் கொண்டுபோன கையில் இருக்கிறது. ஆகவே குறை கூறவேண்டியது வந்தவரை என்பது இந்தக் கதையின் பாடமே ஆகாது.

இரண்டாவதாக, டிரவுட் இனங்கள் பல; மனித இனம் ஒன்று. ஒரே மூலத்திலிருந்து மக்களினம் அனைத்தையும் இறைவன் உண்டாக்கினார் என்றுதான் பவுலடியார் ஏதென்சு நகரத்தாரிடம் போதித்தார். மனிதர் இடம் பெயர்வதால் வேறொரு மனித இனம் அழிவதில்லை. மனிதன் அயலூரில் மொழி கற்கிறான், கொடுக்கிறான், கொள்கிறான், உறவாகிறான். பிழைப்பு தேடி மலேயாவுக்கும் இலங்கைத் தேயிலை மலைகளுக்கும் சென்ற தமிழனுக்கு இது தெரியாதா? அங்கே அவனை வந்தேறி என்று அழைத்தபோது அவனுக்கு வலித்ததே, அந்த வலிதான் இச்சொல்லின் உண்மையான பொருள்.

மூன்றாவதாக, மண்ணில் தோன்றியது என்பதாலேயே மனிதச் செயல் எதுவும் புனிதமாகிவிடாது. சாதியும் இந்த மண்ணில் விளைந்ததே. அதை நாட்டு மீனைப் போலக் காப்போமா? நம் திருச்சபைக்குள்ளேயே கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய அந்த வழக்கத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்றுதான் நற்செய்தி கூறுகிறது. மீனுக்கு அதன் இடமே நீதி. மனிதருக்கோ நன்மை தீமை அறிந்து தேர்வதில்தான் நீதி.

நம் நம்பிக்கையும் வந்ததுதானே என்பார்கள். ஆம், வந்தது, எருசலேமைத் தாண்டிய எல்லா ஊருக்கும் அது வந்ததே. ஆனால் நம்பிக்கை கேனில் அடைத்துக் கொட்டப்படும் குஞ்சன்று. அது சொல்லாக வருகிறது. கேட்பவர் ஏற்றால் மட்டுமே உயிர் பெறுகிறது. அதே நேரத்தில் நாம் கண்களை மூடிக்கொள்ளவும் வேண்டாம். வந்தவர்களில் சிலர் இங்கிருந்த மொழியையும் கலையையும் ஒன்றுமில்லாதவை என எண்ணித் தம் நாட்டு வழக்கங்களை அப்படியே கொட்டிய காலமும் இருந்தது. அது பெரிய மீனை விட்டவரின் மனப்பான்மையே. அதற்கு மாறாக, 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி முதலில் தமிழைக் கற்றார். பின்னால் வந்த வீரமாமுனிவர் தமிழிலேயே காப்பியம் செய்தார். நோபிலி சாதி வேற்றுமையோடு செய்துகொண்ட இணக்கம் இன்று நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் ஏற்கெனவே இங்கே வாழ்வது யார் என்ற கேள்வியை அவர் கேட்டார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நற்செய்திப் பணி பற்றிய ஆணையில் அந்தக் கேள்வியைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கியது. பண்பாட்டுமயமாதல் என்று நாம் பேசுவது இதைத்தான்.

மண்ணை உண்மையாக நேசிப்பவர் யார் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. அரிசோனாவின் வெள்ளைமலை அபாச்சி பழங்குடி மக்கள், தங்கள் மலையில் மட்டும் வாழும் அபாச்சி டிரவுட் அருகி வருவதைக் கண்டு, 1950களிலேயே அந்த ஓடைகளில் தூண்டில் போடுவதைத் தாங்களே நிறுத்தினர். நாடெங்கும் அழியும் உயிர்களுக்கான சட்டம் 1973இல் பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. 2024இல் அம்மீன் அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; தூண்டிலாளர் தேடும் மீன்களில் அவ்வாறு மீண்ட முதல் மீன் அதுவே. அம்மக்கள் தம் மீனை நேசித்தார்கள். அதற்காகத் தாங்கள் எதையோ இழந்தார்கள். வந்தேறி என்று கூவுபவரோ தாம் எதையும் இழப்பதில்லை. அடுத்தவர்தான் இழக்க வேண்டும் என்கிறார். இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால் போதும்.

நம் மலைகளும் நம் கைகளும்

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஓடைக்கும் டிரவுட் உரியதன்று. ஆங்கிலேய அதிகாரிகளின் தூண்டில் ஆசைக்காகவே 1860களில் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். முதல் முயற்சிகள் தோற்றன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் ரெயின்போ டிரவுட்டை நிலைநாட்டினார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. இலங்கையின் நுவரெலியா மலைகளுக்கு அது 1880களிலேயே போய்விட்டது. அந்த ஓடைகளில் அதற்கு முன் வாழ்ந்த சிறு மீனுக்கும் தவளைக்கும் யாரும் வக்காலத்து வாங்கவில்லை. அதே மனப்பான்மைதான் சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளியை வெற்றுநிலம் என எண்ணித் தைலமரத்தையும் சீகை மரத்தையும் நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. 1952இல் நாமே ஆப்பிரிக்கத் திலாப்பியாவைக் கொண்டுவந்தோம். இன்று ஊர்க்குளமெங்கும் ஜிலேபி மீன் என்று நிறைந்திருப்பது அதன் குடும்பமே. கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் எங்கே என்று குளத்தங்கரைப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை வந்தேறி என்று விரட்டத் துடிப்பவர், தம் மலையில் நடந்த உண்மையான இந்த ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. நாமும் அதைப் பேசத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை விடுவோம். வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்த மீனை இரக்கம் என்ற பெயரில் ஆற்றில் விடாதிருப்போம். பங்குத் தளத்துக் குளத்திலும் ஊர் ஏரியிலும் பெரிதாக வளரும் என்று யாரோ கொடுத்த குஞ்சை விடுமுன், அங்கே ஏற்கெனவே யார் வாழ்கிறார் என்று கேட்போம். நம் துறவற இல்லங்களுக்கு மலையில் நிலம் இருந்தால், அங்கே தைலமரத்துக்குப் பதிலாகச் சோலையும் புல்லும் மீள வழி செய்வோம். செலவு ஆகும், வருவாய் குறையும். அமெரிக்கத் தூண்டிலாளரும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாம் வாங்கும் ஒவ்வொரு தூண்டிலுக்கும் வரி கொடுத்து ஓடைகளை மீட்கப் பங்களிக்கிறார்கள். தம் ஆசைக்காகக் கெடுக்கப்பட்டதைத் தம் பணத்தால் சரிசெய்ய முன்வரும் இந்த நாணயத்தை அவர்களிடமிருந்து நாம் கற்கலாம்.

புனித அந்தோனியார் போதித்தபோது மனிதர் செவி கொடாததால், மீன்கள் கரையருகே கூடிவந்து கேட்டன என்று ஒரு மரபுக்கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்த மீன்கள் தத்தம் நீரிலேயே இருந்தபடி தலையை உயர்த்திக் கேட்டன. அவற்றை அவர் வேறிடத்துக்கு மாற்றவில்லை. இறைவன் எந்த நீரில் எந்த உயிருக்கு ஆசி வழங்கினாரோ, அந்த நீர் அந்த உயிருக்கே உரியது. எந்த மனிதரை எந்த ஊருக்கு அழைத்து வந்தாரோ, அந்த ஊர் அவருக்கும் உரியது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் அறிக்கையிட அஞ்சாத திருச்சபையே இந்த மண்ணில் தலைநிமிர்ந்து நிற்கும்.